செருப்புச் சத்தம்

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கறியா கண்ணு? காத்து நேரா காதுக்குள்ள அடிக்குது. எனக்கு மட்டும் இல்ல, உனக்கும்தான். இப்பத் தெரியாது. வீட்டுக்குப் போய்க் காது குத்தறப்ப, அந்தப் பொம்பள சொன்னாளேன்னு நினைப்ப. போதும் போதும், முழுசா சாத்திட்டா வேகுது. செருப்பை ஏன் கழட்டி விட்டிருக்க? காலோட வச்சுக்க. பிரேக் போட்டான்னா டிரைவர் சீட்டு வரைக்கும் ஓடிடும், அப்புறம் குனிஞ்சு குனிஞ்சு தேடணும்.

எங்க இறங்கற? கள்ளக்குறிச்சியா? நான் ஆத்தூர். தனியாவா வர்ற? வீட்ல தெரியுமா? சரி, சரி, கேக்கல. கேட்டா உங்களுக்கெல்லாம் கோவம் வந்துடுது.

செல்லுல கதைதானே படிக்கிற? எட்டிப் பாக்கல கண்ணு, பக்கத்துல உக்காந்தா பார்வை தானா போகுது. அட்டைப்படத்துல கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தன் முறைக்கிறானே, அதை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். நானும் அந்த ஆப்புலதான் எழுதறேன். நெசமாத்தான். சிரிக்காத. எட்டாவதோட நின்னவ, மாவு அரைச்சு விக்கிறவ, என்னத்த எழுதுவான்னுதானே? கையால எழுதினாத்தானே தப்பு வரும். நான் வாயால சொல்றேன், செல்லு எழுதிக்குது. கிரைண்டர் ஓடறப்ப சொன்னா மட்டும் கண்டபடி எழுதும். ஒரு தடவை "அவள் கண்ணீர் வடித்தாள்"னு சொன்னதுக்குக் கர்கர்கர்னு ஒரு வரி முழுக்கப் போட்டு வச்சிருந்துச்சு. அதிலேருந்து கிரைண்டரை நிறுத்திட்டுத்தான் அழ வைக்கிறது.

கோகிலவாணின்னு தேடினா என் கதையெல்லாம் வரும். அது என் பேரு இல்ல, என் பொண்ணு பேரு. என் பேரு சின்னப்பொண்ணு. நாப்பத்தெட்டு வயசாயும் சின்னப்பொண்ணுதான். அந்தப் பேர்ல எழுதினா எவ படிப்பா? அதுவும் இல்லாம, எழுதறவங்க வீட்டு ஆளுங்க பேரை வச்சுக்கறது வழக்கம்தானே. பொண்டாட்டி பேர்ல எழுதறான், பொண்ணு பேர்ல எழுதறான். ஆனா நான் வச்சதுக்குக் காரணம் வேற. அவ ஆப்பைத் திறக்கறான்னு வையி. அட்டையில தன் பேரைப் பாத்தா, யாருடா இதுன்னு தொட்டுப் பாப்பா இல்ல? தொட்டா உள்ள நான் இருப்பேன்.

எங்க இருக்கான்னா கேக்கற? தெரியல கண்ணு. நாலு வருசமாச்சு. போன புதுசுல அவங்கப்பாவுக்கு ஒரு போன் வந்துச்சு, நல்லா இருக்கேன், தேடாதீங்கன்னு. எனக்கு வரல. அவரு லாரி ஓட்டறவரு, மாசத்துல பாதி நாள் ரோட்லதான். நாங்க தேடாத இடம் இல்ல. நாங்கன்னா நான்தான். பொண்ணு போன துக்கம் அந்த மனுசனுக்குக் கொஞ்சம்கூடக் கிடையாது. வீட்டுக்கு வந்தா குறட்டை விட்டுத் தூங்கறாரு. "அவ நல்லாத்தான் இருப்பா, நீ விடு"ங்கறாரு. எப்படித்தான் அவ்வளவு திடமா சொல்ல வருதோ. கல்லு மனசு. போன தீவாளிக்கு லாரியைக் கழுவறேன்னு ஏறினேன், சீட்டுக்கடியில லேடீஸ் செருப்பு வாங்கின அட்டைப்பெட்டி, வெறும் பெட்டி. என்னய்யா இதுன்னா, லோடு ஏத்தின இடத்துல யாரோ போட்டுட்டாங்கன்னாரு. பொண்ணு காணாம நான் தவிக்கிறேன், இவரு ஊரான் வீட்டுக் குப்பையைச் சுமந்துக்கிட்டுத் திரியறாரு.

எதுக்குச் சண்டைன்னா, சோத்துக்குத்தான். சித்திரை மாசம், நல்ல உச்சி வெயிலு. கத்திரிக்காய்க் குழம்பு ஊத்தி வச்சேன். தட்டைத் தள்ளி வச்சுட்டுப் போயிட்டா. ஓசூர்ல ஏதோ கம்பெனியில வேலை கிடைச்சிருக்குன்னா. கல்யாணம் ஆகட்டும், கட்டினவன் அனுப்பினா போன்னேன். இது தப்பா? எந்தத் தாயும் சொல்றதுதானே? நீயே சொல்லு. வேணாம், நீ சொல்லாத, நீயும் அவ வயசுதான்.

அவ இருந்தப்ப எந்நேரமும் இந்த ஆப்புதான். தரையில கவுந்து படுத்துக்கிட்டு, காலை ஆட்டிக்கிட்டு. கூப்பிட்டாக் காது கேக்காது. ஒரு நாள் செல்லைப் பிடுங்கிப் பாத்தேன், என்னதான் இருக்குன்னு. அதுக்கு மூணு நாள் பேசல. பெத்தவ பாக்கக் கூடாதாம். அவ போனப்புறம் என் செல்லுல அதே ஆப்பை ஏத்தி, அவ படிச்சதையெல்லாம் படிச்சேன். படிக்கப் படிக்கத்தான் தோணுச்சு, நாமும் எழுதினா என்னன்னு. சும்மா எழுதிப் போட்டா அடியில போயிடுது. அவ முதல்ல நிக்கிற அட்டைங்களை மட்டும்தான் தொடுவா. உள்ள போய்த் தேடற பொறுமை கிடையாது. எதுலயும் பொறுமை கிடையாது, அவங்கப்பன் வழி. முதல் அட்டை யாருக்குன்னா, போட்டியில தேறினவங்களுக்கு.

தெரியுமில்ல உனக்கு, வருசா வருசம் வைக்கிற போட்டி? முழுக்கதை வேணாம். ஒரு பக்கத்துக்குச் சுருக்கம் அனுப்பணும். அதுல சில பேரை எடுத்து, மெட்ராஸுக்குக் கூப்பிட்டு, நடுவர் முன்னாடி கதையை வாயால சொல்லச் சொல்வாங்க. மணி அடிக்கறதுக்குள்ள சொல்லி முடிச்சிடணும். தேறிட்டா நாவலா எழுதலாம், புஸ்தகமும் போடுவாங்க.

முத வருசம் குடும்பக் கதை அனுப்பினேன். பொண்ணு வீட்டை விட்டுப் போறா, மனசுக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டு, கைக்குழந்தையோட திரும்பி வர்றா. அம்மா ஆரத்தி எடுக்கறா. என்ன குறை அதுல? "தங்கள் கதை சிறப்பாக இருந்தாலும்"னு மெயில் வந்துச்சு. அந்த "இருந்தாலும்" இருக்கே கண்ணு, பொண்ணு பாக்க வந்தவன் பஜ்ஜியைத் தின்னுட்டு, ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்னு சொல்ற மாதிரி. அந்த வருசம் தேறினதெல்லாம் பேய்க்கதை.

தேறாதவங்களுக்குன்னு வாட்ஸ்அப்புல ஒரு குரூப்பு இருக்கு. "மீண்டும் எழுவோம்"னு பேரு. அதுல ரெஜினான்னு ஒரு பொண்ணு, நாகர்கோவில். அவதான் எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தா. "யக்கா, நம்ம மனசுல இருக்கத எழுதுனா ஆவாது. இப்ப எது ஓடுதோ அத எழுதணும். பேய் ஓடுது, பேயை எழுதுங்க"ன்னா. அந்தக் குரூப்புல காலையில எந்திரிச்சா ஒரு படம் வரும், தோல்விதான் வெற்றிக்குப் படின்னு. நானும் பாக்கறேன், படி படின்னு படியாத்தான் வருது, மாடியக் காணோம்.

பேயை எழுதணும்னா, அவ செத்திருக்கணும் இல்ல? யோசிச்சுப் பாரு. நான் கிரைண்டரை நிறுத்திட்டு உக்காந்தேன், வாயில வார்த்தை வரல. ஊரான் பொண்ணா வச்சு எழுதலாம்னு பாத்தா, ஊரான் பொண்ணு எதுக்கு என் வீட்டுக்கு வருது? கடைசியில எழுதிட்டேன். எழுதி அனுப்பிட்டு, மஞ்சத் துணியில காசு முடிஞ்சு மாரியம்மன் படத்துக்கிட்ட வச்சு, "கதைக்காகத்தான் தாயே சொன்னேன், உன் கணக்குல ஏத்திடாத"ன்னு விழுந்து கும்பிட்டேன். அந்த முடிச்சு இன்னும் அங்கதான் இருக்கு. அவ வந்ததும் கோயில்ல சேக்கணும். இவ்வளவு பண்ணியும் பேய் தேறல. பேய் சீசன் முடிஞ்சு போச்சாம். இப்ப முரடன் சீசனாம்.

முரடன் யாருன்னு உனக்குத் தெரியுமே, உன் அட்டையில நிக்கிறானே அவன்தான். பணக்காரன், கோவக்காரன், பொண்ணைத் தூக்கிட்டுப் போயி வீட்ல பூட்டி வைப்பான், அப்புறம் அவளுக்கே அவனைப் பிடிச்சுப் போயிடும். "மொத அத்தியாயத்துலயே ஒரு அறை விடணும்க்கா"ன்னா ரெஜினா. "எதுக்குடி?"ன்னேன். "எதுக்குன்னா? அவன் ஹீரோல்லா!"ங்கறா. என் பொண்ணை அறைய நான் ஒருத்தனைக் கூட்டிட்டு வரணுமா? நானே அடிச்சதில்ல. எப்பவாவது கரண்டிக் காம்பால, அதுவும் கால்ல. என்னால ஆகல கண்ணு. என் ஹீரோ அவளைக் காருல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனான், போற வழியில நிறுத்தி, சாப்பிட்டியான்னு கேட்டுட்டான். "நாயகனிடம் முரட்டுத்தனம் போதவில்லை"ன்னு மெயில் வந்துச்சு.

நீ ஏதாவது சாப்பிட்டியா? பையில முறுக்கு இருக்கு. எடுத்துக்க. டயட்டா? என்ன டயட்டு, காத்தடிச்சாப் பறந்துடுவ போல இருக்க.

இந்த வருசம் என்ன ஆச்சுன்னா, ரெஜினா போன் பண்ணி, "யக்கா, இப்ப காணாமப் போன பொண்ணுங்க கதைதான். எல்லாரும் அதத்தான் கேக்கறாவ"ன்னா. எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. நாலு வருசமா நான் சீசனைத் துரத்திக்கிட்டு ஓடறேன், இப்ப சீசன் என் வீட்டு வாசல்ல வந்து நிக்குது. பேயும் இல்லாம முரடனும் இல்லாம உள்ளதை அப்படியே சொன்னேன். மத்தியானம், சோறு, பொண்ணு தட்டைத் தள்ளிட்டு எந்திரிக்கறா. கடைசி வரி மட்டும் கொஞ்சம் அழகா இருக்கட்டும்னு யோசிச்சுப் போட்டேன்: "டக் டக் என்று அவளுடைய செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை." எப்படி இருக்கு? சொல்றப்பவே எனக்கு உடம்பு சிலுத்துடுச்சு.

எடுத்துட்டாங்க! மெட்ராஸுக்கு வாங்கன்னு மெயில். முதல் சுத்துல தேறினவங்க சுருக்கத்தை எல்லாரும் படிக்கட்டும்னு ஆப்புல போட்டாங்க. அடியில ஜனங்க எழுதறாங்க, கண் கலங்கிடுச்சு சகோ, இதயமே நின்னுடுச்சு சகோன்னு. கடைக்கு மாவு வாங்க வர்றவங்ககிட்டயெல்லாம் படிச்சுக் காட்டினேன். அவரு அன்னிக்கு ராஜஸ்தான் லோடுல இருந்தாரு. அவருக்கும் போன்ல படிச்சுக் காட்டினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்தக் கடைசி வரி எதுக்கு?"ன்னாரு. அந்த மனுசனுக்குக் கதையைப் பத்தி என்ன தெரியும்.

அடுத்த நாள் ஒண்ணு வந்துச்சு. பேரு போடல, "வாசகி"ன்னு மட்டும் இருந்துச்சு, ஒரு பூப்படம். "செருப்புச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும்? அவள் வெறுங்காலோடுதானே போனாள்?"

அவ்வளவுதான் கண்ணு. வேற ஒரு எழுத்து இல்ல.

ஏன்னா... அது ஒண்ணும் பெரிய விசயம் இல்ல, அதனாலதான் கதையில சேக்கல. அன்னிக்குக் காலையிலயே அவ மூஞ்சியைப் பாத்தேன், கிளம்பற மூஞ்சி. வாசல்ல கிடந்த செருப்புல ஒண்ணை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால வச்சேன். ஒளிக்கல, வச்சேன். அந்தச் செருப்பு அவ புதுசா வாங்கினது, வெள்ளைப் பட்டை, வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போறதுக்குன்னு. "அம்மா, செருப்பு எங்க?"ன்னா. "சாப்பிடு, தர்றேன்"னேன். "குடும்மா"ன்னா. "சாப்பிடுன்னேன்"னேன். அதான் சொல்றேனே, சண்டை சோத்துக்குத்தான். தார் ரோடு கொதிக்குது, நாயே நிழல்ல ஒண்டிக் கிடக்குது, அந்த வெயில்ல வெறுங்காலோட எவளாவது போவாளா? பையைத் தூக்கினா. நடையை விட்டு இறங்கிட்டா. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ரோட்டோரத்துல புல்லு இருக்கிற இடமாப் பாத்துப் பாத்துக் காலை வச்சா. புல்லு தீந்துபோன இடத்துல கொஞ்சம் ஓடினா. திரும்புவான்னு இருந்தேன். ஒரு சத்தமும் இல்ல. இதைப் போய்க் கதையில எழுதுவாங்களா? செருப்புச் சத்தம் இருந்தாத்தானே படிக்கிறவங்களுக்குப் போற மாதிரி இருக்கும்?

அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம். அப்புறம் அவங்கப்பாவுக்கு. செருப்பு ரெண்டையும் துடைச்சு பீரோவுல வச்சிருக்கேன், அதைப் பாத்துட்டு ஒரு நாள் கேட்டாரு, சொன்னேன்.

அன்னிக்குக் கடை திறக்கல. செல்லை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எங்கடி இருக்கன்னு சொன்னேன், அழிச்சேன். உங்கப்பனைப் பாத்தியா எப்படி இளைச்சுட்டாருன்னு சொன்னேன், அழிச்சேன். இவ்வளவு கதை எழுதினவளுக்கு ஒரு வரி வரல. கடைசியில "சாப்பிட்டியா?"ன்னு போட்டேன். அதுக்கு மேல என் பேரு வந்து நிக்குது: கோகிலவாணி. அவ பேர்லயே அவளைக் கேக்கற மாதிரி. பாக்கறவங்களுக்குக் கிறுக்குன்னு தோணும். பதில் வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னிக்குக் காலையில இந்த பஸ் ஏறற வரைக்கும் வரல.

நேத்து மெட்ராஸ்ல கதை சொன்னேன். பெரிய ஹாலு, ஏசி, கை கால் விறைச்சுப் போச்சு. "அடுத்து, கோகிலவாணி!"ன்னு மைக்குல கூப்பிட்டாங்க. நான் வாசப்பக்கம் திரும்பிப் பாத்தேன். பக்கத்துல இருந்த பொண்ணு தொட்டு, "ஆன்ட்டி, நீங்கதானே?"ன்னா. அப்புறம்தான் எந்திரிச்சேன்.

சொல்லி முடிச்சதும், ஜிப்பா போட்ட ஒரு நடுவர் கேட்டாரு, "பொண்ணுக்கு என்னதான்மா ஆச்சு?"

"தெரியாது சார். அம்மா காத்துக்கிட்டு இருக்கா."

"காத்துக்கிட்டு இருக்கறது கதை இல்லம்மா. கொலையா, கடத்தலா? யாரோ ஒருத்தர் காரணமா இருக்கணுமே?"

"யாரும் காரணம் இல்ல சார். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா."

அவரு செல்லைத் தள்ளித் தள்ளிப் பாத்தாரு. "இங்க ஒரு வாசகி பிடிச்சிருக்காங்க பாருங்க. வெறுங்காலோட போனாளாம். நல்ல மூளை. இப்ப யோசிங்க: செருப்பை ஒளிச்சு வச்சது அம்மான்னு வச்சா? ஊரெல்லாம் தேடற அம்மா, ஆனா காரணமே அவதான். அதான்மா ட்விஸ்ட்டு. உங்க கதை அங்கதான் இருக்கு, நீங்க வேற எங்கயோ நிக்கிறீங்க."

"அந்த அம்மா நல்லவ சார்"னேன். ஹாலே சிரிச்சுச்சு. அவரும் சிரிச்சாரு. "நல்லவங்களை யாரும்மா காசு குடுத்துப் படிக்கிறா?"ன்னாரு. மணி அடிச்சுட்டாங்க.

சாயங்காலமே முடிவு சொல்லிட்டாங்க. இல்லைன்னுதான். அதுக்குக்கூட நான் அழல, பழகிப் போச்சு. வெளிய வர்றப்ப, மைக்குல பேர் கூப்பிட்ட பொண்ணு சொல்றா, தேறாத கதைங்களை நாளைக்கு மத்தியானத்தோட ஆப்புலேருந்து எடுத்துடுவோம்னு. "பரிசு வேணாம் பாப்பா, புஸ்தகம் வேணாம், அந்தப் பக்கத்தை மட்டும் எடுக்காத"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன். "ரூல்ஸ் ஆன்ட்டி. அடுத்த வருசம் இன்னும் நல்லா எழுதுங்க"ன்னுட்டு, கையை மெதுவா விடுவிச்சுக்கிட்டா. நல்ல பொண்ணுதான். டீ குடுத்தா.

மணி என்ன இப்ப? ஒண்ணரையா. என் செல்லு திண்டிவனத்துலயே செத்துடுச்சு. விழுப்புரத்துலேருந்து உன்கிட்டக் கேக்கணும்னுதான் பேச்சுக் குடுத்துக்கிட்டே வர்றேன். கேக்கவும் பயமா இருந்துச்சு. உன் செல்லுல கொஞ்சம் பாக்கறியா கண்ணு? கோகிலவாணின்னு போடு. ஆமா, அந்த "ணி"தான். கதை பேரு "தட்டு". கீழ தள்ளு. சாப்பிட்டியான்னு இருக்கும், அதுக்குக் கீழ ஏதாவது...

என்ன?

இல்லையா? பதில் இல்லையா, பக்கமே இல்லையா?

பக்கமே இல்ல.

இன்னொரு தடவை பாரு. டவர் இல்லாம இருக்கும். உளுந்தூர்பேட்டையிலேருந்தே டவர் கிடைக்காது. ம். ம். சரி, விடு.

அப்ப அவ காலையில பதில் போட்டிருந்தாலும் நமக்குத் தெரியாது, இல்ல? போட்டிருப்பா. சாப்பிட்டேன்னு ஒரு வார்த்தை போட்டிருப்பா. நான் பாக்கறதுக்குள்ள எடுத்துட்டாங்க. பத்து மணிக்கு மேல போட்டிருப்பா, அவ எந்திரிக்கறதே லேட்டு.

ஆனா ஒண்ணு, படிச்சிருக்கா பாத்தியா? கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்கா. படிக்காம அதைக் கேக்க முடியாது.

அடுத்த வருசத்துக்கு என்ன கதை கேட்டிருக்காங்கன்னு போட்டிருக்கா பாரு. நேத்தே போடறேன்னாங்க. என்னது, ராஜா ராணிக் கதையா? அடக்கடவுளே. சரி, இருக்கட்டும். ராணி வீட்லயும் பொண்ணு இருக்கும். கோவிச்சுக்கிட்டுப் போகாமலா இருக்கும்? அந்தச் செருப்புச் சத்தத்தை மட்டும் எடுத்துடலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்ற? சத்தமில்லாமப் போகட்டும். புல்லு இருக்கிற இடமாப் பாத்துப் போகட்டும். அழகு இல்லாட்டியும் பரவால்ல.

கள்ளக்குறிச்சி வந்துடுச்சு. பையெல்லாம் எடுத்துக்கிட்டியா? பாட்டில்? அந்தத் துப்பட்டாவைச் சுருட்டிப் பிடி, படியில மாட்டும். இரு, இரு கண்ணு, வெறுங்காலோட எங்க ஓடற? சொன்னேனில்ல, ஒண்ணு என் சீட்டுக்கடியில வந்து கிடக்கு. நான்தான் காலால பிடிச்சு வச்சிருந்தேன், ஓடிடக் கூடாதுன்னு.

இந்தா. மாட்டிக்கிட்டு இறங்கு. வெளிய வெயிலு கொளுத்துது.